முகமூடி போட்டாலும் தாடை தெரியும்: அண்ணாச்சி பதில்கள்

குமரி மாவட்டத்தை வைத்து ஒரு சூப்பர்ஹீரோ படம் எடுப்பதாக இருந்தால் யாரை நடிக்க வைக்கலாம் என்று போன இதழில் கேட்டிருந்தேன். கூடவே, என் ஓட்டு பசுபதிக்கு என்று ஒரு வரியும் எழுதித் தொலைத்தேன். அஞ்சலட்டை, கவர், வாட்ஸ்அப் என்று வந்து குவிந்துவிட்டது. ஒரு பையன் நோட்டுத் தாள் முழுக்க ஒரே நடிகரின் பெயரை ஸ்ரீராமஜெயம் மாதிரி எழுதி அனுப்பியிருக்கிறான். அவனுக்குப் பதில் கிடையாது. கையெழுத்து மட்டும் அழகாக இருக்கிறது, அதை விட்டுவிடாதே மக்கா.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் நாகர்கோவிலில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவன். ஃபிளக்ஸ் வந்த பிறகு கடை போர்டு, பள்ளிக்கூடச் சுவர் என்று ஒதுங்கியவன். நடிகர்களை நடிகர்களாகப் பார்ப்பதைவிட முகங்களாகப் பார்த்ததுதான் அதிகம். பதிலெல்லாம் அந்தக் கோணத்தில்தான் வரும்.

மார்த்தாண்டத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் வாசகர்: பசுபதியா? விளையாடுகிறீர்களா அண்ணாச்சி? சூப்பர்ஹீரோ என்றால் ஆறடி உயரம், சிக்ஸ் பேக், வயது முப்பதுக்குள். இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியுமே!

பச்சைப் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது?

உங்களை மாதிரியே கோபப்பட்டவர்கள் அமெரிக்காவிலும் இருந்தார்கள். 1989-ல் வந்த பேட்மேன் படத்துக்கு மைக்கேல் கீட்டன்தான் ஹீரோ என்று செய்தி கசிந்ததும், வார்னர் பிரதர்ஸ் கம்பெனிக்கு ரசிகர்கள் ஏறக்குறைய 50,000 கடிதம் எழுதினார்கள். எல்லாம் திட்டு. காமெடிப் படத்தில் நடிப்பவர், உயரம் இல்லை, உடம்பு இல்லை, தாடை இல்லை என்று பட்டியல் போட்டார்கள். டைரக்டர் டிம் பர்ட்டன் யோசித்தது நேர் எதிராக. மலை மாதிரி உடம்பு உள்ளவன் எதற்காக வவ்வால் வேஷம் கட்டப்போகிறான்? சாதாரண உடம்புக்காரனுக்குத்தான் அந்தக் கவசம் தேவைப்படும். படம் ஓடியது ஊருக்கே தெரியும். 1992-ல் இரண்டாம் பாகத்துக்கும் அவரே. அப்புறம் 2023-ல் இன்னொரு ஹீரோவின் படத்திலும் அதே வவ்வால் உடுப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு வந்தார், எழுபது வயதை ஒட்டி. வயது விஷயம் அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது தாடைக்கு வருகிறேன். அது என் ஏரியா.

ஒரு முகத்தைப் பேனரில் பெரிதாக்க வேண்டுமானால், போட்டோவின் மேல் பென்சிலால் கட்டம் போடுவோம். துணியில் நூல் அடித்து, அதே கட்டத்தைப் பெரிதாக எடுப்போம். பிறகு கட்டம் கட்டமாக வரைந்துகொண்டே போக வேண்டியதுதான். கண்ணும் மூக்கும் ஒழுங்காக வந்து உட்கார்ந்துவிடும். தாடைதான் சண்டித்தனம் பண்ணும். காதுக்குக் கீழே எலும்பு திரும்புகிற ஒரு முனை இருக்கிறது பாருங்கள், அங்கே இரண்டு விரற்கடை தள்ளிப் போனால் ஆளே மாறிவிடுவான். பேனரை ஏற்றிக் கட்டும்போது கீழே ரோட்டில் நிற்கிற ரசிகன் ஒருத்தன், “எடே, இது நம்ம ஆளு இல்லடே” என்று சத்தம் போடுவான். எங்கே தப்பு என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் சொன்னது சரியாக இருக்கும்.

பேட்மேன் மாதிரி முகமூடி போட்டால் வெளியே தெரிவது கண்ணும் வாயும் தாடையும்தான். சிலந்தி வேஷக்காரனுக்கு அதுவும் இல்லை, முதுகும் நடையும்தான் நடிக்க வேண்டும். ஆக, கோடி கோடியாகக் கொடுத்துக் கூட்டி வருகிற முகத்தில் முக்கால்வாசி உள்ளே போய்விடும். மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்து ஆளைப் போட வேண்டாமா?

பசுபதிக்குக் கன்னத்து எலும்பின் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. பேனரில் அந்த இடத்துக்கு நாங்கள் நீலம் இழுப்போம், எலும்பின் மேல் ரோஸ் வைப்போம். தூரத்தில் இருந்து பார்த்தால் அந்தப் பள்ளத்தில் ஒரு கதை இருப்பது போலத் தோன்றும். சார்பட்டா பரம்பரையில் ரங்கன் வாத்தியாராக சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போகிறாரே, அந்தக் காட்சியைப் பாருங்கள். கை ஓங்கவில்லை, குரல் உயர்த்தவில்லை. மிதிக்கிறவன் ஹீரோ. நம் கண் போவது பின்னால் இருப்பவரிடம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கனம் தெரிகிற ஆளுக்கு சிக்ஸ் பேக் எதற்கு?

குலசேகரம், கல்லூரி மாணவர்: எங்கள் பகுதி முழுக்க ரப்பர். அதனால் ஹீரோ ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், ரப்பர் மாதிரியே கையும் காலும் நீளுகிற ஆளாகவும் இருக்கட்டும். சூர்யா நடித்தால் மாஸாக இருக்கும். எப்படி?

நீளுகிற ஆள் புதிது இல்லை. அமெரிக்க காமிக்ஸில் பிளாஸ்டிக் மேன் 1941-லேயே நீண்டுவிட்டான். 1961-ல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் கதையில் ரீட் ரிச்சர்ட்ஸ் என்று இன்னொருத்தர். இந்த ரீடை வைத்து நடந்த கூத்தைக் கேளுங்கள், நம் எல்லோருக்கும் பாடம். அந்த வேஷத்துக்கு ஜான் கிராசின்ஸ்கிதான் பொருத்தம் என்று ரசிகர்கள் வருஷக்கணக்காகப் படம் வரைந்தும் போஸ்டர் ஒட்டுப்போட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மார்வெல்காரர்கள் 2022-ல் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் இரண்டாம் படத்தில் அவரையே கொண்டு வந்து நிறுத்தினார்கள். தியேட்டரில் கைதட்டு அடங்குவதற்குள், கதையின் சூனியக்காரி வாண்டா அவரை நார் நாராகக் கிழித்துப் போட்டுவிட்டாள். 2025-ல் முழுப் படம் எடுத்தபோது ரீட் ஆனது பெட்ரோ பாஸ்கல். கேட்டதைக் கொடுத்த மாதிரியும் ஆச்சு, கொடுக்காத மாதிரியும் ஆச்சு.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது ஹீரோ பால்வெட்டுக்காரர் என்பது. அது அப்படியே இருக்கட்டும். ஊர் தூங்கும்போது தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, கையில் கத்தியோடு, தனியாகக் காட்டுக்குள் போகிற ஆள். சூப்பர்ஹீரோவுக்கு வேண்டிய பாதி சாமான் ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. விடிவதற்கு முன்னால் ஏன் போகிறார்? வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஒழுங்காக ஓடாது. கத்தி எப்படி ஓடுகிறது? மரத்தின் முன் நின்றால், இடது மேல் பக்கம் தொடங்கி வலது கீழாகச் சரியும். பட்டைக்குள் பால் குழாய்கள் லேசாக வலது பக்கம் சாய்ந்து ஏறுவதால், இப்படி வெட்டினால்தான் நிறைய குழாய் அறுபடும். முந்தின தடவை வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை முதலில் உரித்து எடுப்பார். பிறகு பட்டையை மெல்லிசாக ஒரு சீவல். கொஞ்சம் ஆழம் போனால் கத்தி மரத்தில் பட்டு அந்த இடம் முண்டு கட்டிவிடும், அப்புறம் அங்கே வெட்ட முடியாது. பால் வடிகிற சிரட்டையை நேராக்கி வைத்துவிட்டு அடுத்த மரம். நின்று ரசிக்க நேரம் இல்லை.

மணிக்கட்டில்தான் இந்த ஆளின் சக்தியே. சூர்யாவின் கை ஜிம்மில் செய்த கை. நல்ல கைதான், குறை சொல்லவில்லை. ஆனால் க்ளோசப்பில் அந்தக் கை கத்தி பிடித்தால் குலசேகரமே சிரிக்கும். மேடை நாடகத்தில் பழகிய உடம்பு வேறு, கொடுத்த வேலையைக் கற்றுக்கொண்டு செய்யும். பசுபதி வந்தது கூத்துப்பட்டறையில் இருந்து, 1977-ல் ந. முத்துசாமி தொடங்கியது. ஒரு மழைக்காலம் முடிந்ததும் பேச்சிப்பாறைப் பக்கம் கொண்டுவந்து ஒரு தோட்டத்தில் விட்டுவிட வேண்டியதுதான். பேச்சும் பிடிபட்டுவிடும், “சவத்தெ விடுடே” என்று சரியான இடத்தில் சொல்ல வந்துவிட்டால் போதும்.

கை நீளுவது வேண்டாம். நீண்டால் கம்ப்யூட்டர்காரன்தான் நடிப்பான்.

தக்கலை, வங்கி ஊழியர்: சூப்பர்மேன் வெறும் மூக்குக் கண்ணாடி போட்டதும் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்கிறார்கள். நம் ஊரில் இது எடுபடுமா? இரண்டாவது தெருவில் சளி பிடித்தால் முதல் தெருவுக்குத் தெரிகிற ஊர் இது.

கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் 1978-ல் வந்த சூப்பர்மேன் படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். காதலி லோயிஸின் வீட்டில் அவள் உள்ளே போயிருக்கும்போது, கிளார்க் கென்ட் என்ற பெயரில் சாதாரண ஆளாக வந்திருக்கும் சூப்பர்மேன் கண்ணாடியைக் கழற்றுகிறான். கூனியிருந்த தோள் நிமிர்கிறது, குரல் இறங்கிக் கெட்டியாகிறது. ஆளே உயரமாகிவிடுகிறான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுக்கிறான். அப்புறம் மனசு மாறி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்ப சுருங்குகிறான். வெட்டும் இல்லை, வித்தையும் இல்லை, எல்லாம் ஒரே ஷாட்டில் உடம்பால் செய்தது. இதைச் செய்யத் தெரிந்தவனுக்குத்தான் சூப்பர்ஹீரோ வேஷம் கொடுக்க வேண்டும். பறப்பதற்கு யாரையும் கயிறு கட்டித் தூக்கிவிடலாம்.

நம் ஹீரோவுக்குச் சிக்கல் கண்ணாடியில் இல்லை, வாசனையில் இருக்கிறது. ஒட்டுப்பால், அதாவது வெட்டில் காய்ந்து உரித்தெடுத்த ரப்பர் பால், அந்தச் சாக்கை பஸ்ஸில் ஏற்றியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்த நாற்றம் சட்டையை விடாது. வில்லனின் ஆட்கள் மோப்பம் பிடித்து வருகிறார்கள் என்று வையுங்கள். குலசேகரம் சந்தையில் வந்து இறங்கினால் எல்லோரிடமும் அதே வாசனை! யாரைப் பிடிப்பான்? மூக்குக் கண்ணாடியைவிட இது நல்ல ஏற்பாடு.

திருவட்டாறு, பெயர் வேண்டாம் என்று எழுதியவர்: எங்கள் பாட்டா வர்ம ஆசான். ஹீரோவுக்கு வர்மம் கொடுக்காமல் குமரி மாவட்டப் படம் எப்படி?

பாட்டாவுக்கு வணக்கம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று சின்ன வயதில் நாங்களும் மனப்பாடம் செய்தவர்கள்தான். ஆனால் 1996-ல் இந்தியன் தாத்தா இரண்டு விரலை நீட்டியதில் இருந்து நம் ஊர் என்றாலே சினிமாக்காரர்களுக்கு அது ஒன்றுதான் ஓர்மை வருகிறது. கொஞ்ச நாள் ஓய்வு கொடுப்போம். ஹீரோவுக்கு அடிபட்டால் தடவிக் கட்டுவதற்கு ஆசான் வரட்டும். எம். எஸ். பாஸ்கர் செய்தால் எண்ணெய் வாசனை தியேட்டருக்குள் வரும்.

இதில் ஒரு கிளைக்கதை. மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் கொண்டாடுகிற ஜே. சி. டேனியல் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1975-ல் இறந்தது நம் அகஸ்தீஸ்வரத்தில். அவருக்குக் களரியிலும் சிலம்பத்திலும் பைத்தியம். அடிதடிக் கலையைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டுத்தான் சினிமாவுக்கே போனார். சொத்தையெல்லாம் விற்றுப் படம் எடுத்தார். அவர் இருந்து கேட்டிருந்தால் நான் வர்மத்துக்கு ஒத்துக்கொண்டிருப்பேன்.

குளச்சல், வாசகி: ஆண்களை மட்டுமே பேசுகிறீர்கள். பெண் சூப்பர்ஹீரோ கூடாதா?

கூடாதா என்றா கேட்கிறீர்கள்? நம் ஊர்க்காரி ஏற்கெனவே போய் ஹீரோ ஆகிவிட்டாள், நாம்தான் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். 2025 ஓணத்துக்கு மலையாளத்தில் ஓடு ஓடென்று ஓடிய லோகா படத்தில் கல்யாணி பிரியதர்ஷன் செய்த வேஷம் யார்? கள்ளியங்காட்டு நீலி. கள்ளியங்காடு எங்கே இருக்கிறது? நாகர்கோவிலுக்குப் பக்கத்தில். கொடை விழாவில் வில்லுப்பாட்டில் கேட்டுப் பயந்து, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன கதை அது. எதிர்க்கரைக்காரர்கள் அவளுக்குப் புது உடுப்புப் போட்டு பெங்களூருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். எனக்கு வருத்தம் உண்டு, பொறாமையும் உண்டு.

வில்லுப்பாட்டில் இந்த யாரைப் போடலாம் சண்டையே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? புலவர் ஒருத்தரே நீலி, ஒருத்தரே செட்டி, ஒருத்தரே ஊர்க்காரன். வில்லை அடிக்கிற வீசுகோலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பினால் ஆள் மாறிவிடும். பின்பாட்டுக்காரர் “ஆமா” போட்டால் நாமும் நம்பிவிடுவோம்.

உங்களுக்காக என் ஆள்: ஊர்வசி. மீன் கூடையோடு ஊர் ஊராகப் போகிற குளச்சல்காரி. தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும், சிரித்துக்கொண்டே அழ வைக்கிற முகம். வேஷம் மாற்றவே வேண்டாம், சும்மாடும் கூடையும்தான் உடுப்பு. சாளை மீனுக்கு விலை குறைத்துக் கேட்பவனைப் பார்க்கிற பார்வை ஒன்று போதும், வில்லன் பாதி செத்துவிடுவான்.

களியக்காவிளை, ஆட்டோ ஓட்டுநர்: எங்கள் பக்கம் லாலேட்டன்தான், மோகன்லால். போடுவீர்களா, மாட்டீர்களா?

எல்லையில் நின்றுகொண்டு கேட்கிறீர்கள், பயமாக இருக்கிறது. போடலாம், ஹீரோவின் மூத்த அண்ணனாக. ஆனால் கணக்கு நேராக வேண்டும் அல்லவா? மலையாள சூப்பர்ஹீரோ படமான மின்னல் முரளியில் (2021) வில்லன் டீக்கடை ஷிபுவாக வந்து ஹீரோவையே தூக்கிச் சாப்பிட்டவர் மதுரைக்காரர் குரு சோமசுந்தரம். அவரும் கூத்துப்பட்டறைதான். ஹீரோ டொவினோவின் தையல்காரனுக்குக் கைதட்டியவர்கள், படம் முடிந்ததும் பேசியது ஷிபுவைப் பற்றி. நாம் ஒரு ஷிபுவைக் கொடுத்திருக்கிறோம். பதிலுக்கு அவர்கள் யாரைத் தருவார்கள் என்று உங்கள் ஸ்டாண்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

நாகர்கோவில், பத்தாம் வகுப்பு மாணவன்: ஏஐ-யில் பசுபதி சார் போஸ்டர் செய்து அனுப்பியிருக்கிறேன். மார்க் போடுங்கள்.

பார்த்தேன் பிள்ளே. வெளிச்சம் அபாரம். என்னால் அந்த மாதிரி மூடுபனி ஜென்மத்துக்கும் வரைய முடியாது. ஆனால் மரத்தில் வெட்டு வலமிருந்து இடமாகச் சரிகிறது. கத்தியை வாள் மாதிரி பிடித்திருக்கிறார். சிரட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ பூந்தொட்டி. தாடை வேறு யாருடையதோ. நூற்றுக்கு நாற்பது. ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு ஒரு தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பென்சிலில் ஒரு படம் வரைந்து அனுப்பு. கோணல் மாணலாக இருந்தாலும் அறுபதுக்கு மேல் நிச்சயம்.

ஆரல்வாய்மொழி, வாசகர்: ஹீரோவுக்கு முதுகில் துணி பறக்குமா?

உங்கள் ஊரில் நின்றால் பறக்கும். ஆடி மாதம் காற்றாலைகள் சுற்றுகிற முப்பந்தலில் நிற்க வைத்தால் ஹீரோவே பறப்பார்.

ஒழுகினசேரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: கலைவாணர் இன்று இருந்தால் இந்தப் படத்தில் என்ன வேஷம்?

1908-ல் உங்கள் தெருப்பக்கம் பிறந்தவரை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி ஐயா. ஹீரோவுக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கிற தையல்காரர். அளவு எடுத்துக்கொண்டே, உள்ளாடையை ஏன் பேண்டுக்கு மேலே போடுகிறீர்கள் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் ஹீரோ சாதாரண லுங்கியிலேயே சண்டைக்குப் போவார். உடுப்புப் பிரச்சினையும் தீர்ந்தது.

கன்னியாகுமரி, சங்குக் கடை வைத்திருப்பவர்: கிளைமாக்ஸ் திருவள்ளுவர் சிலை மேல்தானே? கண்ணாடிப் பாலத்தை உடைக்கலாமே?

உடைக்காதீர்கள் ஐயா, திறந்ததே 2024 டிசம்பர் 30-ல்தான். 133 அடிச் சிலையை எல்லாக் கேமராவும் எடுத்தாகிவிட்டது. வள்ளுவர் தோளில் நின்று இரண்டு பேர் அடித்துக்கொண்டால் எனக்கு மனசு ஒப்பாது.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு வாருங்கள். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரம், 28 தூண், 1966-ல் கட்டியது. மேலே தண்ணீர் போகிற தொட்டி, பக்கத்தில் ஆள் நடக்க வழி. கீழே பார்த்தால் தென்னை மரம் கொத்துமல்லிக் கட்டு அளவுக்குத்தான் தெரியும். அந்த வழியில் எதிரும் புதிருமாக ஹீரோவும் வில்லனும். ஒதுங்க இடமில்லை. பசுபதி ஓட வேண்டாம், தாவ வேண்டாம், வில்லனை நோக்கி நடந்து வந்தாலே போதும். தலையில் அந்த லைட் எரிந்துகொண்டிருக்க வேண்டும், முகம் முழுசாகத் தெரியக் கூடாது. லைட்டுக்குக் கீழே தாடை மட்டும்.

இரணியல், வாசகி: எல்லாம் சரி, வில்லன் யார்?

வந்த கடிதங்களில் ஃபகத் ஃபாசிலுக்குத்தான் கூட்டம். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒருவர்கூட அந்த வில்லன் காலையில் எழுந்து என்ன சோலிக்குப் போகிறான் என்று எழுதவில்லை. மலையை உடைத்து லாரியில் ஏற்றுகிறவனா, குளத்தில் மண் அடித்து பிளாட் போடுகிறவனா, வட்டிக்கு விடுகிறவனா? அதை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் ஆளைப் பிடிப்போம். நடிகர் பெயர் மட்டும் எழுதியிருந்தால் கவரைப் பிரிக்க மாட்டேன். ஸ்ரீராமஜெயம் பையா, உனக்கும்தான்.